குடும்பத்துக்கு ஒரு டனல் டென்ட்: வாங்கப் போகிறவர்களும் வாங்கிவிட்டவர்களும் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் விலை குறைந்த டனல் டென்ட் ஒன்று இருக்கிறது. ஆறு பேர் படுக்கலாம் என்று அதன் பையில் அச்சிட்டிருக்கும். நாங்கள் நான்கு பேர். ஆறு வருஷமாக அதில்தான் முகாம் போடுகிறோம். அதைப் பார்த்தவர்களும் இரவல் வாங்கிப் போனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பாதிக்கு மேல் நானே ஒரு காலத்தில் கேட்டவைதான்.

டனல் டென்ட் என்றால் எது? மற்றதிலிருந்து எப்படி அடையாளம் காண்பது?

கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வில்லாக வளைத்த கம்புகள் இரண்டோ மூன்றோ நான்கோ ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். மேலே துணி போர்த்தியிருக்கும். கம்புகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாது. டோம் டென்டில் கம்புகள் உச்சியில் குறுக்கே வெட்டிப் போகும், பார்க்கக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும்.

இந்த அமைப்பால் டனலின் பக்கச் சுவர்கள் கிட்டத்தட்ட நேராக ஏறுகின்றன. ஓரம்வரை கட்டில் போடலாம், பெட்டி வைக்கலாம், பெரியவர்கள் நிமிர்ந்து நின்று சட்டை மாற்றலாம். அதே அளவு துணியிலும் கம்பிலும் அதிக இடம் கிடைப்பதால்தான் குடும்ப டென்டுகளில், அதிலும் குறைந்த விலையில், இந்த வடிவம் அதிகம். வழக்கமாக ஒரு முனையில், வெளித்துணிக்கு உள்ளே, தனி உள்துணியாலான படுக்கையறை (உள்கூடாரம்) தொங்கும், மறுமுனையில் உட்கார ஒரு கூடம் இருக்கும்.

இது தானாக நிற்காதாமே? அது பெரிய குறையா?

நிற்காது. டோம் டென்டைக் கம்பு கோத்ததும் கூடை மாதிரித் தூக்கி இடம் மாற்றலாம். டனலில் கம்பு கோத்த பிறகும் அது தரையில் படுத்துத்தான் கிடக்கும். முன்னும் பின்னும் முளை அடித்து இழுத்தால்தான் எழும்பும். ஆக, இந்த டென்டை நிற்க வைப்பது கம்பு மட்டும் இல்லை, இழுப்பும் சேர்த்துத்தான். இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும். கூரையில் தண்ணீர் தேங்குவது, கம்பு ஒடிவது, ஜிப் சிக்குவது, காற்றில் படபடவென்று அடித்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் தளர்ந்துபோன இழுப்பு இருக்கும்.

முளை இறங்காத பாறை மேலோ மரப்பலகை மேடையிலோ முகாம் போடுகிறவராக இருந்தால் இது குறைதான். நீங்கள் டோம் வாங்குவது நல்லது.

'4 பேர்' என்று போட்டிருந்தால் நான்கு பேர் படுக்கலாமா?

படுக்கலாம், புரள முடியாது. ஒரு ஆளுக்குச் சுமார் 60 செ.மீ. அகலம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணை அச்சிடுகிறார்கள். துணிப்பை, செருப்பு, நடுராத்திரி குறுக்கே உருளும் பிள்ளை எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அந்த எண்ணை விட்டுவிட்டுப் படுக்கையறையின் அகலத்தைப் பாருங்கள். உங்கள் மெத்தைகளை வீட்டுத் தரையில் பக்கம் பக்கமாகப் போட்டு அளந்து, அதோடு ஒப்பிடுங்கள். இரட்டைக் காற்று மெத்தை இரண்டு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். மெத்தையின் விளிம்பு உள்துணியைத் தள்ளி வெளித்துணியில் ஒட்ட வைத்துவிடும், காலையில் போர்வை நனைந்திருக்கும்.

தலைக்கணக்கோடு இரண்டைக் கூட்டி வாங்குங்கள் என்று பலரும் சொல்வார்கள். எங்களுக்கு அது சரியாகவே இருந்தது.

விலை குறைவு என்றால் எதில் மிச்சம் பிடித்திருப்பார்கள்?

துணியில் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் துணி பெரும்பாலும் மோசமில்லை. பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர், அவ்வளவுதான். மிச்சம் பிடிப்பது சின்னச் சாமான்களில். முளைகள் மெல்லிய கம்பியாக இருக்கும். கயிறு சன்னமாக, இருட்டில் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் இருக்கும். கம்பு அலுமினியத்துக்குப் பதில் ஃபைபர் கிளாஸ். ஜிப் பல் பொடியாக இருக்கும். காற்று வழிகள் குறைவு.

இதில் முளையையும் கயிற்றையும் பிறகு நாமே மாற்றிக்கொள்ளலாம். ஃபைபர் கிளாஸ் கனம் கூடியது, ஒடியவும் செய்யும், ஆனால் காரில் கொண்டுபோகிறவருக்கு அது பாதகமில்லை; ஒரு துண்டு ஒடிந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். காற்று வழியை மட்டும் பிறகு வெட்டி வைக்க முடியாது. அதனால் கடையில் நான் முதலில் பார்ப்பது, பின்பக்கம் தாழ்வாக ஒரு திறப்பும் முன்பக்கம் உயரமாக ஒரு திறப்பும் இருக்கிறதா என்பதைத்தான். அப்புறம்தான் நிறம், பாக்கெட், விளக்கு மாட்டும் கொக்கி எல்லாம்.

2000 மி.மீ., 3000 மி.மீ. என்று எழுதியிருப்பது என்ன?

துணியின் மேல் தண்ணீரை நிறுத்தினால் எவ்வளவு உயரம்வரை தாங்கும் என்ற அளவு. துணியை இறுக்கிப் பிடித்து ஒரு பக்கம் தண்ணீரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் மூன்றாவது இடத்தில் துளி எட்டிப் பார்க்கும்போது நிறுத்திவிடுவார்கள். அப்போது இருந்த அழுத்தத்தை நீர்மட்ட உயரமாகச் சொல்வதுதான் அந்த மில்லிமீட்டர். முகாம் டென்டுகளுக்கு ஐஎஸ்ஓ 5912 என்று தனித் தரநிலையே உண்டு.

கூரைக்கு 2000 இருந்தாலே சாதாரண மழைக்குப் போதும். 3000 என்றால் நிம்மதி. தரைக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஈரத் தரையின் மேல் முழங்கால் ஊன்றும்போது நம் எடை முழுவதும் ஒரு கையளவு இடத்தில் இறங்குகிறது. ஆனால் இந்த எண் துணிக்கு மட்டும்தான். தண்ணீர் உள்ளே வந்தால் பெரும்பாலும் தையல் வழியாகத்தான் வரும். தையலின் உட்பக்கம் பளபளப்பான பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வாங்கி வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஊருக்குக் கிளம்புமுன் ஒரு தடவை முழுக்கப் போட்டுப் பாருங்கள். மைதானமோ தோட்டமோ எங்கே இடம் கிடைத்தாலும் சரி. முளைகளை எண்ணுங்கள், கம்பில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், எல்லா ஜிப்பையும் ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிஷம் மேலே பீய்ச்சியடித்துவிட்டு உள்ளே போய்த் தையல்களைத் தடவுங்கள். ஒழுகுகிற தையலுக்குச் சீல் பசை தடவினால் தீர்ந்தது. நாங்கள் இதைச் செய்யாமல் முதல் பயணம் போனோம். இருட்டிய பிறகு கைபேசி வெளிச்சத்தில் செய்முறைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், இரண்டு கம்பை இடம் மாற்றிக் கோத்ததும், சின்னவன் காரிலேயே தூங்கிப்போனதும் இன்றைக்கும் வீட்டில் சொல்லிக் காட்டப்படும் கதை.

சரி, எப்படிப் போடுவது?

முதலில் தரை. குனிந்து கல், குச்சி, முள் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பள்ளமான இடம் வேண்டாம். புல் பச்சையாக அடர்ந்திருக்கும் தாழ்வான இடம் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். மழை வந்தால் தண்ணீர் வந்து நிற்பதும் அங்கேதான்.

பிறகு காற்று வருகிற திசையைப் பார்த்து டென்டை விரியுங்கள். பின்முனை, அதாவது சரிந்து தாழ்ந்திருக்கும் முனை, காற்றைப் பார்க்க வேண்டும். வாசல்களின் ஜிப் எல்லாவற்றையும் மூடுங்கள். இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஜிப் திறந்திருக்கும்போது முளை அடித்தால் வாசலின் இரண்டு ஓரமும் அகன்று நிற்கும், அப்புறம் மூடவே வராது. பலம் கொடுத்து இழுத்தால் பல் போகும்.

கம்புகளை நீட்டிக் கோத்து, துணிக்குழாய்க்குள் தள்ளுங்கள். தள்ளத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. கம்பு என்பது எலாஸ்டிக் கயிற்றில் கோத்த துண்டுகள். மறுமுனையிலிருந்து இழுத்தால் உள்ளேயே துண்டு துண்டாகக் கழன்றுகொள்ளும். மனைவி ஒரு பக்கம் தள்ள, நான் துணியைச் சுருக்கிச் சுருக்கிப் பின்னால் விட, பாவாடைக்கு நாடா கோப்பது மாதிரி வேலை அது. மூன்று கம்பும் கோத்த பிறகு ஒவ்வொரு முனையையும் அதன் ஊசியிலோ பையிலோ செருகி வளையுங்கள். இப்போதும் டென்ட் படுத்துத்தான் இருக்கும்.

காற்று வரும் பக்கத்து முனையை முதலில் முளையடித்து நிறுத்துங்கள். அப்புறம் ஒருவர் முன்பக்கம் போய் முதல் வளைவைப் பிடித்து எழுப்பியபடியே தன் பக்கம் இழுக்க வேண்டும். துருத்தி விரிவது மாதிரி மொத்தமும் எழுந்து நிற்கும். அந்த இழுப்பை விடாமல் முன்பக்க முளைகளை அடித்துவிட்டால் வேலையில் முக்கால்வாசி முடிந்தது. பிறகு பக்கத்து முளைகள், கடைசியில் டென்டின் மேல்பகுதியைத் தரையோடு இழுத்துக் கட்டும் இழுகயிறுகள். கம்புகளின் அடியில் குறுக்கே ஒரு பட்டை ஓடினால் அதைப் பூட்டி இறுக்குங்கள். வளைவின் இரண்டு காலும் அகன்று போகாமல் பிடிப்பது அதுதான்.

கூரையில் சுருக்கம் தெரிந்தால் எங்கேயோ இழுப்பு கோணியிருக்கிறது. சோம்பல் படாமல் அந்த முளையைப் பிடுங்கி நேரே அடியுங்கள். பழகின இரண்டு பேருக்கு மொத்தம் அரைமணி நேரம் பிடிக்கும். எங்களுக்கு முதல் தடவை ஒன்றரை மணி.

தனியாகப் போட முடியுமா?

காற்று இல்லாத நாளில் முடியும். பின்முனையை நன்றாக முளையடித்துவிட்டு முன்பக்கம் இழுத்து எழுப்ப வேண்டியதுதான். காற்றடிக்கும்போது தனியாக முயற்சிப்பது பட்டம் விடுவதற்குச் சமம்.

இழுகயிறு எல்லாவற்றையும் கட்டாயம் கட்ட வேண்டுமா? ஒரு ராத்திரிதானே?

கட்டுங்கள். பின்முனை காற்றை நன்றாகத் தாங்கும்; டனலின் பலவீனம் அதன் விலா. பக்கவாட்டில் அடிக்கும் காற்றை எதிர்த்து நடு வளைவுகளைப் பிடித்து நிறுத்துவது பக்கத்துக் கயிறுகள் மட்டுமே. அதோடு காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளு விசை நான்கு மடங்காகும். சாயங்காலம் மென்காற்றாக இருந்தது நள்ளிரவில் இரண்டு மடங்கு வேகமாவது ஒன்றும் அதிசயம் இல்லை. அப்போது எழுந்து போய் இருட்டில் கயிற்றைத் தேடுவதைவிட வெளிச்சத்திலேயே கட்டிவிடுவது மேல். கயிற்றில் வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி வெளியே போகிறவர் நிச்சயம் தடுக்கி விழுவார்.

கூட வந்த முளைகள் வளைந்துபோகின்றனவே?

வளையும். அவற்றை மிருதுவான புல்தரைக்கு என்று வைத்துக்கொண்டு, கெட்டித் தரைக்குத் தடித்த இரும்பு முளைகளையும் இளகிய மண்ணுக்கு 'வி' வடிவத்தில் மடித்த அகல முளைகளையும் தனியாக வாங்குங்கள். குறைந்த விலை டென்டுக்குச் செய்யும் செலவுகளில் முழுப் பலன் தருவது இதுதான்.

அடிக்கும் விதமும் முக்கியம். முளையின் தலை டென்டைவிட்டு வெளியே சாய்ந்தும் நுனி டென்டைப் பார்த்து உள்ளேயும் இருக்க வேண்டும், ஏறக்குறைய 45 பாகை. தலை டென்டின் பக்கம் சாய்ந்திருந்தால் கயிறு இழுக்க இழுக்க முளை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கல் தட்டினால் சுத்தியலை ஓங்காதீர்கள், ஒரு சாண் தள்ளி அடியுங்கள். பிடுங்கும்போது கயிற்றைப் பிடித்து இழுக்காமல் இன்னொரு முளையின் கொக்கியை மாட்டித் தூக்குங்கள்.

மணலில்?

சாதாரண முளை நிற்காது. கெட்டியான பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மிதித்துவிடுங்கள். ஒரு குச்சியின் நடுவில் கயிற்றைக் கட்டிப் படுக்கையாகப் புதைத்தாலும் பிடிக்கும். முக்கியமான முனைகளுக்காவது இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் முளை விட்டுவிட்டால் டனல் உட்கார்ந்துவிடும்.

மழையில் ஒழுகினால் என்ன செய்வது?

முதலில் அது ஒழுகல்தானா என்று பாருங்கள். மூன்றாம் வருஷம் ஒரு மாலை நல்ல மழை. கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். "அப்பா, மேல பாரு, வயிறு தொங்குது" என்றாள் பெரியவள். இரண்டு வளைவுகளுக்கு நடுவே கூரை ஒரு குடம் அளவுக்குப் பிதுங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் உள்ளே தண்ணீர் ஆடுவது தெரிந்தது. நான் உள்ளிருந்து கையால் தூக்கிவிட்டேன். மொத்தமும் வாசல் வழியாக என் மனைவியின் செருப்புகளின் மேல் கொட்டியது. துணியில் ஓட்டை எதுவும் இல்லை. சாயங்காலம் தளர்ந்த முன்பக்க முளை இரண்டை நான் இறுக்காமல் விட்டதுதான் காரணம். அப்படித் தேங்கும் தண்ணீரின் எடையிலேயே கம்பு ஒடிந்துபோவதும் உண்டு.

நனைந்த துணியும் ஈர மண்ணில் இளகிய முளையும் சேர்ந்து இழுப்பைக் குறைத்துவிடும். நைலான் நனைந்தால் நன்றாகவே தொய்யும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, ஆனாலும் படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வந்து கயிறுகளை இறுக்குவது எங்கள் வீட்டில் பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது.

உண்மையிலேயே ஒழுகினால் தையல், ஜன்னல் ஓரம், கம்பு உரசும் இடம் என்ற வரிசையில் தேடுங்கள். அப்போதைக்கு ஒட்டும் பட்டை, வீட்டுக்கு வந்து காய்ந்த பிறகு சீல் பசை. உள்கூடாரம் எங்கேயாவது வெளித்துணியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தொடும் இடத்தில் ஈரம் இறங்கும்.

மழையே பெய்யவில்லை, காலையில் உள்ளே சொட்டுகிறதே?

அது உங்கள் மூச்சு. ஒருவர் ஒரு இரவில் மூச்சிலும் தோலிலுமாக ஒரு டம்ளர் தண்ணீரையாவது காற்றில் விட்டுவிடுகிறார். நான்கு பேர் என்றால் ஒரு செம்பு நிறைய. மேகமில்லாத இரவில் கூரைத்துணி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், அந்த ஆவி அதில் பட்டுத் துளியாகும். குளிருகிறது என்று எல்லாத் திறப்பையும் மூடினால் நிலைமை இன்னும் மோசமாகும். தாழ்வான திறப்பும் உயரமான திறப்பும் இரவு முழுக்கத் திறந்திருக்கட்டும். நனைந்த துணியையும் துவாலையையும் உள்ளே தொங்கவிடாதீர்கள். இவ்வளவு செய்தும் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும். காலையில் பழந்துணியால் துடைத்துவிட வேண்டியதுதான். உள்கூடாரம் தனியாக இருப்பதே அந்தத் துளி நம் மேல் விழாமல் இருப்பதற்குத்தான்.

அடியில் தார்ப்பாய் விரிக்கலாமா?

விரியுங்கள், டென்டின் தரை தேய்மானம் குறையும். ஆனால் தார்ப்பாயின் ஓரம் டென்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தாலும் மேலிருந்து வடியும் மழையை ஏந்தி உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்த்துவிடும். நான்கு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள்.

கூடம் பெரிதாக இருக்கிறதே, மழை நேரத்தில் அங்கே அடுப்பு வைத்துச் சமைக்கலாமா?

வேண்டாம். இதில் மட்டும் எனக்குப் பேரம் கிடையாது. பாலியஸ்டர் தீயில் எரியும், உருகிச் சொட்டும், தோலில் ஒட்டும். அதைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, தலைவலி, மயக்கம் என்று தொடங்கித் தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கேஸ் அடுப்பு, கரியடுப்பு, எரிபொருள் ஹீட்டர், பெட்ரோல் விளக்கு எல்லாமே அதை வெளியிடக்கூடியவை. அணைந்துபோன மாதிரி சாம்பல் பூத்திருக்கும் கரியும் மணிக்கணக்கில் வெளியிடும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அந்தக் கரியடுப்பை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு படுத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். வாசல் திறந்துதானே இருக்கிறது என்ற சமாதானம் இதில் செல்லாது. சமையல் வெளியே, டென்டைவிட்டுத் தள்ளி. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் அது இருக்கிறது என்பதற்காக அடுப்பை உள்ளே கொண்டுவரக் கூடாது.

இடி மின்னல், பெருங்காற்று என்றால்?

மின்னலுக்கு டென்ட் எந்தப் பாதுகாப்பும் இல்லை. உலோகக் கூரையுள்ள காரில் போய் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள், அல்லது கட்டடத்துக்குள் போங்கள். டென்ட் போடும்போதே உயர்ந்த தனிமரத்தின் அடியைத் தவிர்ப்பது இதற்கும், கிளை முறிந்து விழுவதற்கும் சேர்த்துத்தான்.

காற்று கூடிக்கொண்டே போனால், கம்பு ஒடியும்வரை காத்திருக்காமல் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுக் கம்புகளைக் கழற்றித் துணியைத் தரையோடு படுக்க வைத்துவிடுங்கள். பின்முனை முளைகளைப் பிடுங்காதீர்கள். படுத்துக் கிடக்கும் டென்டைக் காலையில் மறுபடி எழுப்பிக்கொள்ளலாம்.

கம்பு ஒடிந்துவிட்டது. டென்ட் போச்சா?

போகவில்லை. ஆனால் ஒடிந்த ஃபைபர் கிளாஸை வெறுங்கையால் தடவாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிம்பு உள்ளங்கையில் ஏறினால் இரண்டு நாள் சுருக் சுருக்கென்று குத்தும், எனக்கு ஏறியது. துணியால் பிடித்து, பிளந்த இடத்தை ஒட்டும் பட்டையால் சுற்றுங்கள். ஒடிந்த இடத்தின் மேல் ஏறும் அளவுக்கு ஒரு உலோகக் குழாய்த் துண்டு கைவசம் இருந்தால் அதை நகர்த்தி வைத்து இரண்டு பக்கமும் சுற்றிவிடலாம். இல்லையென்றால் இரண்டு முளைகளை இரு பக்கமும் வைத்து, எலும்பு முறிவுக்கு மட்டை கட்டுவது போலக் கட்டினாலும் இரவு கழியும்.

வீட்டுக்கு வந்ததும் கம்பின் முனைக் குப்பியைக் கழற்றி, எலாஸ்டிக் முடிச்சை அவிழ்த்து, ஒடிந்த துண்டுவரை உருவி எடுத்து, அதே விட்டமும் அதே நீளமும் உள்ள புதுத் துண்டைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். வாங்கப் போகும்போது பழைய துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். விட்டம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சேராது.

ஜிப் மூடிய பின்னாடியே பிளந்துகொண்டு வருகிறதே?

பல் நன்றாக இருந்து இப்படி ஆனால், பற்களின் மேல் ஓடி மூடித் திறக்கும் உலோகத் துண்டு தேய்ந்து வாய் அகன்றிருக்கிறது. குறடால் அதன் இரண்டு பின்முனையையும் கொஞ்சமே கொஞ்சம் நெருக்குங்கள். மண் அடைத்திருந்தால் பழைய பல் துலக்கியால் தேய்த்து, மெழுகுவர்த்தியை ஓட்டிவிடுங்கள்.

இதை மறுபடி அந்தப் பைக்குள் எப்படித்தான் திணிப்பது?

மூன்று இடத்தில் கவனித்தால் போதும். எல்லா ஜிப்பையும் ஒரு சாண் திறந்து வையுங்கள், காற்று வெளியேற வழி வேண்டும். பையைப் பக்கத்தில் போட்டு அதன் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகத் துணியை மடியுங்கள். பின்பு கம்புப் பையை ஓரத்தில் வைத்து, முழங்காலால் அழுத்திக் காற்றைப் பிதுக்கிக்கொண்டே, காற்று வழி இருக்கும் முனையை நோக்கி இறுக்கி உருட்டுங்கள். கம்பை மடக்கும்போது நடுவிலிருந்து தொடங்குங்கள், எலாஸ்டிக் ஒரே பக்கம் இழுபடாது. இதையெல்லாம் செய்தும் நுழையவில்லை என்றால் பெரிய பை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

கிளம்பும் நாளில் மழை. ஈரத்தோடு மடிக்கலாமா?

மடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள், பிரித்து உலர்த்திவிடுங்கள். மாடியோ கொடியோ கதவுகளின் மேலோ, எங்கே இடம் கிடைத்தாலும் சரி. உலர்ந்ததா என்று கூரையைத் தொட்டுப் பார்ப்பது போதாது. தரையின் அடிப்பக்கம், முளை மாட்டும் பட்டைகள், தையல் மடிப்புகள், இவைதான் கடைசியில் உலரும். எங்கள் டென்டின் படுக்கையறை மூலையில் மிளகு தூவியது போலக் கரும்புள்ளிகள் இருக்கின்றன. நான் மூன்று நாள் கழித்துப் பார்க்கலாம் என்று காரிலேயே விட்டதன் அடையாளம். பூஞ்சை செத்தாலும் கறை போகாது.

அலமாரியிலிருந்து எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, வாந்தி நாற்றம் வருகிறது. கழுவினால் போகுமா?

போகாது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து உட்பக்கத்துப் பாலியூரித்தேன் பூச்சைச் சிதைத்துவிட்டன. கொஞ்ச நாளில் அது செதில் செதிலாக உரியும். அப்படி ஆன துணிக்கு வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை. வராமல் தடுக்கலாம்: நன்றாக உலர்த்தி, இறுக்கிச் சுருட்டாமல் தளர்வான துணிப்பையில், சூடு ஏறாத அறையில் வையுங்கள். தகரக் கூரைப் பரணும் கார் டிக்கியும் ஆகாது.

வாஷிங் மெஷினில் போடலாமா?

கூடாது. பூச்சும் தையல் பட்டையும் கிழிந்து வந்துவிடும். டென்டை நிறுத்தி வைத்து, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பஞ்சு. பறவை எச்சத்தை மட்டும் உடனே ஊற வைத்துத் துடையுங்கள். வெளியே தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் பரவ ஆரம்பித்தால், நீர் விலக்கும் திரவம் தெளித்துக் காயவிடலாம்.

எத்தனை வருஷம் உழைக்கும்?

வருஷக் கணக்கைவிட வெயில் கணக்குதான் சரி. புற ஊதாக் கதிர் பாலியஸ்டரை மெல்ல மெல்ல நொறுங்க வைக்கும். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் போட்டு எடுக்கிறவருக்குப் பல வருஷம் வரும். அதையே கோடை முழுக்கக் கொல்லையில் நிறுத்தி வைத்தால் ஓரிரு பருவத்திலேயே நிறம் வெளுத்து, முளைப் பட்டைக்குப் பக்கத்தில் காகிதம் போலக் கிழியும். பழைய டென்ட் வாங்கப் போகிறவர்களும் அந்த வெளுத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். நிழலில் போட்டால் டென்டுக்கும் நல்லது, காலை ஏழு மணிக்கே உள்ளே வெந்துபோகாமல் உங்களுக்கும் நல்லது.

கம்புக்குப் பதில் காற்றடிக்கும் டென்ட் வாங்கலாமா?

எழுப்புவது சுலபம், ஒடிய ஒன்றும் இல்லை. விலையும் எடையும் கூடுதல், குழாயில் ஓட்டை விழுந்தால் தேடி அடைக்க வேண்டும். பார்க்க வேறு மாதிரி இருந்தாலும் அவற்றில் பலவும் டனல் வடிவம்தான், முளையும் இழுப்பும் அவற்றுக்கும் வேண்டும்.

இரவல் கொடுக்கலாமா?

கொடுங்கள். கொடுக்குமுன் ஒரு தடவை அவர்களை வைத்தே போடச் சொல்லிப் பாருங்கள், ஈரத்தோடு திருப்பித் தந்தாலும் பரவாயில்லை, ஈரம் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் முளைகளை எண்ணுங்கள். எங்களுடையதில் 32 இருக்க வேண்டும். இப்போது 27 இருக்கிறது. அதில் மூன்று யாருடையதோ.